வாயால் வந்த குதிரைகள்

குதிரை விற்கும்போது இராஜமாணிக்கம் பொய் சொல்லமாட்டார் என்று ஓசூரை ஒட்டிய அத்திபெலே பக்கம் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் இராஜமாணிக்கமேதான். ஒருநாள் டீக்கடையில் யாரிடமோ சொல்லிவைத்தார். அது நாலு பேர் வாயில் புரண்டு, ஓசூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது, அவருக்கே உண்மைபோலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஆள் பிறந்து வளர்ந்தது நகரத்துக்குள், ஸ்ரீராம்புரத்தில். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் ரோடு வேலை. மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, ரேஸ்கோர்ஸ் லாயத்தில் குதிரை தேய்க்கப் போனார். இடது முழங்காலில் பட்ட ஓர் உதையால் அந்தக் கால் லேசாக இழுக்கும். உதைத்தது டெர்பி ஜெயித்த குதிரை என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்லுவார். உண்மையில் அது கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டியில் பூட்டியிருந்த ஒரு கிழட்டு மட்டக்குதிரை. அதற்கு இவர்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. ஈ ஓட்டுவதற்காகக் காலைத் தூக்கியது, இவர் குறுக்கே போனார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அத்திபெலேக்கு வந்தது. மாமனார் ஊருக்கு வெளியே இருந்த நிலத்தை மகள் எல்லம்மா பேரில் எழுதிவைத்தார். மருமகன் பேரையும் சேர்த்திருக்கலாமே என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "மாப்ள நல்லவருதான். ஆனா பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்ருவாரு" என்றாராம். இதை இராஜமாணிக்கமே சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

அந்த நிலத்தில் லாயம் போட்டு, இரண்டு பெட்டைக் குதிரைகளை வைத்துக் குட்டி எடுத்து விற்க ஆரம்பித்தார். ரேஸ் குதிரைகள் எல்லாம் இல்லை. குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிறவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்கள், பார்க்கில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுகிறவர்கள் வாங்கிப் போகும் சாது ஜாதி. வியாபாரத்தில் பத்திரம், ரசீது என்று எதுவும் கிடையாது. வாய்ப்பேச்சுதான். அது இராஜமாணிக்கத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது.

தொண்ணூற்றொன்றில் ஜோகுபாளையத்திலிருந்து கேத்தரின் வந்தார். அவருடைய அப்பா எம்.இ.ஜி. பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் காலை நேரத்தில் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தர அந்த அம்மாவுக்கு அனுமதி கிடைத்திருந்தது. ரோஸி என்ற செவலைப் பெட்டையை ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. ஆனாலும் கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடியே நின்றார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வியாபாரம் முடியாமல் இராஜமாணிக்கம் சாப்பிட உட்காருவதில்லை. உள்ளே எல்லம்மா கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டிருந்தாள், வாசனை லாயம்வரை வந்தது.

"ஒண்ணு கேக்கட்டாண்ணா?" என்றார் கேத்தரின். "இதுக்கு வயசாயிட்டா நான் என்ன பண்றது? நான் இருக்கிறது மாடி வூடு. எங்க கட்டி வெப்பேன்? யாரோ ஒருத்தருக்குத் தள்ளிவிட எனக்கு மனசு வராது."

இராஜமாணிக்கத்தின் வாய் தானாகத் திறந்தது. "வயசாயிட்டா இங்கயே கொண்டாந்து உட்டுடுங்கம்மா. நம்ம வூட்ல பொறந்த பொண்ணு. கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்." இது போதாது என்று பட்டதோ என்னவோ, ரோஸியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, "இது வாக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கேத்தரினின் முகம் தெளிந்தது. வியாபாரம் முடிந்தது. குழம்பும் ஆறாமல் கிடைத்தது.

இவ்வளவு சுலபமாக ஒரு வியாபாரம் முடியும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அன்றுமுதல் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல மெருகேறியது. 'நம்ம வூட்ல பொறந்த பொண்ணு' என்ற இடத்தில் குரல் லேசாகக் கம்மும்படி பழகிக்கொண்டார். ஒரு தடவை சொல்லும்போது தன் கண்ணிலேயே தண்ணீர் வந்ததைப் பார்த்து, தனக்கு இவ்வளவு நல்ல மனசா என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

அந்த வாக்கு திரும்பி வரும் என்ற பயம் அவருக்கு இல்லை. சிக்பேட்டையில் ஒரு கடையில் அவர் குக்கர் வாங்கியிருந்தார். ஆயுள் முழுக்க கேரண்டி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கைப்பிடி கழன்று கொண்டுபோனபோது கடையே இல்லை, அங்கே ஒருவர் மைசூர்பாகு விற்றுக்கொண்டிருந்தார். கேரண்டி என்பது வாங்கும் நேரத்து சந்தோஷத்துக்கு மட்டும்தான் என்று அன்று அவர் புரிந்துகொண்டார். தான் ஒரு நிலத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறோம், நிலம் எங்கேயும் போகாது, தேடி வருகிறவனுக்கு வழி தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழைக்காலத்தில் மட்டும்தான் வாய்.

வருஷங்கள் ஓடின. ஓசூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்தன. அக்கம்பக்கத்து ராகி வயல்களில் எல்லாம் கல் நட்டு, வீட்டுமனைக்கு சைட் போட்டார்கள். குதிரை வாங்க ஆள் குறைந்ததும் இராஜமாணிக்கம் குட்டி எடுப்பதை நிறுத்திவிட்டார். லாயத்தில் ஒரே ஒரு பழைய பெட்டை மிஞ்சியிருந்தது. லே-அவுட் புரோக்கர் ஜெயராஜ் வாரம் ஒருமுறை பைக்கில் வந்து, வேலிக்கு வெளியே நின்று நிலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே வருவான். எல்லம்மா கையெழுத்துப் போட்டால் புதுவீடு, பளபளக்கிற தரை, வாசலில் ஒரு குவாலிஸ் கார். இராஜமாணிக்கம் மனசுக்குள் அந்த குவாலிஸுக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்திருந்தார். எல்லம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றிருந்தாள்.

இரண்டாயிரத்து நாலில், மாசி மாதத்து ஒரு காலையில், ஜெயராஜ் வரைபடத்தைத் திண்டுக்கல் பூட்டுப்போட்ட பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. முன்பக்கமிருந்து கேத்தரின் இறங்கினார். தலை நரைத்திருந்தது. பின்பக்கத்துத் தடுப்புக்கு மேலாக ஒரு செவலைத் தலை எட்டிப் பார்த்தது.

இராஜமாணிக்கத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்ததை முகத்தில் காட்டக்கூடாது என்பதும் அதே கணத்தில் தெரிந்துவிட்டது.

"யாரும்மா, எங்கேருந்து வர்றீங்க?"

"நான்தாண்ணா, ஜோகுபாளையம் கேத்தரின். ரோஸியைக் கொண்டாந்திருக்கேன்." அந்த அம்மாவின் குரலில் துளிகூடச் சந்தேகமில்லை. "மைதானத்துல கட்டடம் வருது. அதுக்கும் முட்டி போச்சு, ஒரு கண்ணுல பொறை விழுந்துடுச்சு. இன்னொருத்தருக்குக் குடுக்கறதா இருந்தா நான் ராத்திரி எல்லாம் தூங்கியிருக்க மாட்டேன். உங்ககிட்டதானே வர்றோம்னு நிம்மதியா இருந்தேன்."

இந்த நிம்மதி என்ற வார்த்தைதான் இராஜமாணிக்கத்தை மடக்கிவிட்டது. சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். அவசரமாக ஒரு வழி தேடினார். உலகத்திலுள்ள எல்லாப் புருஷன்களும் நம்பியிருக்கிற அந்த ஒரு வழிதான் கிடைத்தது.

"நான் சொன்னேன்மா, இல்லங்கல. ஆனா நெலம் என் பேர்ல இல்ல பாருங்க. வூட்ல ஒரு வார்த்த கேக்கணும்."

சொல்லிவிட்டு, முழு நம்பிக்கையோடு எல்லம்மா பக்கம் திரும்பினார். ஒரு புடவை வாங்குவதற்கே அரைநாள் பேரம் பேசுகிறவள் அவள். கிழட்டுக் குதிரையை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். பழி அவள்மேல், குவாலிஸ் தனக்கு.

எல்லம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டெம்போவைப் பார்த்தாள், கேத்தரினைப் பார்த்தாள்.

"எறக்குங்க" என்றாள்.

இராஜமாணிக்கம் அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். "இன்னா எல்லம்மா, யோசிக்காம..."

"நீ சொல்றப்ப யோசிச்சியா? ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்ன. நான் உள்ளேருந்து கேட்டுக்கிட்டுதான இருந்தேன். என் நெலத்துல நின்னுக்கிட்டு சொன்ன. இப்ப இல்லன்னு சொன்னா, அது என் நெலமும் சேர்ந்து பொய் சொன்ன மாதிரி."

ரோஸி பலகை வழியாகத் தட்டுத்தடுமாறி இறங்கியது. பிறந்த இடம் நினைவிருக்குமோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு ஒன்றும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை. நேராக வந்து, ஜெயராஜ் விரித்திருந்த வரைபடத்தின்மேல் நின்று, நிதானமாக மூத்திரம் பெய்தது. ஜெயராஜ் அதைத் தன் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டான்.

ஒரு குதிரையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கேத்தரின் சந்தோஷத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். குதிரை வைத்திருக்கிறவர்கள் உலகம் சின்ன உலகம். அந்த வருஷம் தீபாவளிக்குள் மைசூர் ரோட்டிலிருந்து ஒன்று வந்தது. அடுத்த வருஷம் மல்லேஸ்வரத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரியான சுப்ரமணியன் என்பவர், பேத்திக்காக வாங்கிய மட்டக்குதிரையைக் கொண்டுவந்தார். பேத்தி அமெரிக்கா போய்விட்டாளாம். அவர் நல்ல இங்கிலீஷில் நன்றி சொன்னார். இராஜமாணிக்கத்துக்குப் புரிந்தது பாதிதான், ஆனால் அந்தப் பாதியில் 'ஜென்டில்மேன்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதற்காக அந்த மட்டக்குதிரையை ஏற்றுக்கொண்டார் என்று எல்லம்மா சொல்லுவாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

கிழட்டுக் குதிரையைப் பார்த்துக்கொள்வது சும்மா காரியமா? பல் தேய்ந்துபோனதால் கொள்ளுப்பயறை ஊறவைத்து அரைத்துப் போடவேண்டும். தவிட்டைக் கூழாகக் கரைக்கவேண்டும். லாடம் கழற்றி, குளம்பு சீவி, மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஊசி போடவேண்டும். இராஜமாணிக்கம் குனிந்து நிமிரும்போதெல்லாம் முழங்கால் கடகடவென்றது. தன்னைவிட இந்தக் குதிரைகளுக்குத்தான் நல்ல ஓய்வுகாலம் வாய்த்திருக்கிறது என்று புலம்புவார். வாங்கிப் போனவர்களில் சிலர் கடமை அறிந்தவர்கள். கேத்தரின் மாதம் தவறாமல் பஸ்ஸில் கொள்ளுமூட்டையோடு வந்து, கொட்டிலைக் கழுவிவிட்டுப் போவார். மைசூர் ரோட்டுக்காரரோ இறக்கிவிட்டுப் போனவர்தான், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவருடைய வாக்கு எதுவும் இதில் இல்லையே, கேட்கவும் முடியாது.

ஜெயராஜ் மட்டும் வந்துகொண்டிருந்தான். "அண்ணே, குதிரைங்க பொதுவா எத்தன வருசம் இருக்கும்?" என்று விசாரிப்பான். அவனே வாயைப் பிளந்து பல் பார்க்கக் கற்றுக்கொண்டான். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி, ஒரு மூலையில கொட்டாய் போட்டுக் கட்டிட்டு, மீதிய குடுங்கக்கா" என்று எல்லம்மாவிடம் கேட்டான்.

"அதுங்க நடக்க எடம் வேணும் தம்பி. நடக்கலன்னா படுத்துடும்" என்றாள் எல்லம்மா.

இதற்கு நடுவில் இராஜமாணிக்கத்துக்கு ஒரு புது வியாதி பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைபார்க்கும் குடும்பங்கள் குழந்தைகளோடு குதிரை பார்க்க வர ஆரம்பித்தன. யாரோ அவர்களிடம் கதையைச் சொல்லியிருந்தார்கள். 'வாக்குத் தவறாத மனுஷன்' என்று அவரைக் காட்டிக் குழந்தைகளுக்குச் சொன்னார்கள். அவரும் ஞாயிறுகளில் இஸ்திரி போட்ட சட்டை போட ஆரம்பித்தார். சாணி அள்ளுகிறவன் எதற்கு வெள்ளைச் சட்டை போடுகிறான் என்று எல்லம்மா கேட்டாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அர்ஜுனன் வந்தான். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த சமயம். அந்தப் புழுதியில், ஸ்ரீராம்புரத்திலிருந்து, வழியில் மடிவாளாவில் ஒரு மரத்தடியில் தங்கி, ஒரு வெள்ளைக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். செருப்பு ஒன்று அறுந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"அண்ணே, நீங்க குடுத்த குதிர. வயசாயிடுச்சு. கொண்டாந்துட்டேன்."

இராஜமாணிக்கம் குதிரையைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் வெள்ளைக் குதிரையே விற்றதில்லை. அது கிடக்கட்டும். இதன் காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி முட்டிக்கொண்டிருந்தன. அது ராஜஸ்தான் பக்கத்து ஜாதி. அத்திபெலேயில் எந்தக் குதிரைக்கும் அப்படிக் காது முளைத்ததில்லை. எல்லம்மாவுக்கே அது தெரியும். ஜெயராஜுக்குக்கூட அந்நேரத்துக்குத் தெரிந்திருக்கும்.

'இது என்னுடையது இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒரே ஒரு வாக்கியம். அதுவும் சுத்தமான உண்மை. சுற்றிலும் குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள். அர்ஜுனன் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிரை அவன் தோளில் தாடையைச் சாய்த்து வைத்திருந்தது.

"நான் குடுக்கறப்ப இன்னா சொல்லிக் குடுத்தேன்?" என்று கேட்டார்.

அர்ஜுனன் தடுமாறினான். கதையை யாரிடமோ கேட்டுவிட்டு வந்தவன், வசனம் தெரியாது. பிறகு சொன்னான்: "ஒனக்கு முடியாதப்ப எங்கிட்ட கூட்டியா, நான் தண்ணி காட்றேன்னு சொன்னீங்கண்ணே."

இராஜமாணிக்கம் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் குரலைக் கம்மவைத்து, கண்ணைக் கலங்கவைத்து அவர் செய்த வித்தையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவருக்குப் பட்டது.

"ஆமா, சொன்னேன்" என்றார். "தொட்டி அங்க இருக்குது, போய்க் காட்டு."

அவர்கள் போன பிறகு எல்லம்மா பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"காதப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"அப்பறம்?"

"குதிரன்னா எனக்குத் தெரியாத பொய்யே கெடையாது. எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். இந்த ஒரு நெசத்த சொல்ல வாய் வர்ல, நான் இன்னா பண்றது?"

எல்லம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அவர் பார்த்து நாளாகியிருந்தது. "போ, அவனுக்கும் சேத்து சாப்பாடு போடறேன். காலப் பாத்தியா அவனுக்கு, வெடிச்சிப் போயிருக்குது."

அர்ஜுனன் உண்மையை ஒருநாளும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவன் வந்து வாரக்கணக்கில் தங்கிப் புல் அறுத்துப் போட்டான். கொட்டில் கூரையை மாற்றிக்கொடுத்தான். விற்றவன் தானும் இல்லை, வாங்கியவன் அவனும் இல்லை, ஆனாலும் இருக்கிறவர்களில் ஒப்பந்தத்தை ஒழுங்காக நடத்துகிறவன் அவன்தான் என்று இராஜமாணிக்கம் நினைத்துக்கொள்வார். பிறகு மைசூர் ரோட்டுக்காரரை நினைத்து இரண்டு வார்த்தை வைவார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஆடி மழை பிடித்திருந்த ஒரு காலை, ரோஸி எழுந்திருக்கவில்லை. முந்தைய நாள்கூடத் தவிட்டுக்கூழ் குடித்தது. டாக்டர் வந்து கையை விரித்துவிட்டுப் போனார். இராஜமாணிக்கம் அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் போய்விட்டது. வியாபாரத்துக்காகப் பழக்கிவைத்திருந்த அழுகை அந்த நேரத்தில் ஒன்றும் உதவவில்லை. இது வேறு மாதிரி, அசிங்கமாக, மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தது. அர்ஜுனன் பார்க்காதமாதிரி திரும்பிக்கொண்டான்.

குழி வெட்ட இரண்டு பேரால் ஆகவில்லை, தரை முழுக்க மழைத்தண்ணீர். சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே ஜெயராஜ் பக்கத்து லே-அவுட்டிலிருந்து ஒரு ஜே.சி.பி.யை ஓட்டிவரச் சொன்னான். வேலிக்கு ஓரமாக வெட்டட்டுமா என்று டிரைவர் கேட்டான். ஓரமாக வெட்டினால் பின்னால் சைட் போடும்போது தொந்தரவு இருக்காது. ஜெயராஜ் ஒரு கணம் யோசித்தான்.

"அக்கா எங்க சொல்றாங்களோ அங்க வெட்டு" என்றான்.

எல்லம்மா நிலத்தின் நட்டநடுவில் போய் நின்றாள். ஜெயராஜ் கண்ணை மூடித் திறந்துவிட்டு, சரி என்று டிரைவருக்குக் கையைக் காட்டினான்.

மறுநாள் கேத்தரின் வந்தார். பஸ்ஸில் இறங்கி, மழையில் நனைந்து, வழக்கம்போலக் கொள்ளுமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். புதுமண்மேல் அதை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். மீதி நாலு குதிரைகளும் கொட்டில் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இனிமே நான் வர்றதுக்கு ஒண்ணும் இல்ல, இல்லண்ணா?" என்றார்.

இராஜமாணிக்கத்துக்கு ஆறுதலாக எதையாவது அழகாகச் சொல்லவேண்டும்போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி மாட்டிக்கொண்டதெல்லாம் போதும் என்று அதை விழுங்கிவிட்டு, மூட்டையைக் குனிந்து தூக்கினார்.

"அர்ஜுனன் குதிரைக்கு நேத்தே கொள்ளு தீந்துடுச்சும்மா" என்றார். "மழ உடட்டும், உள்ள வாங்க. அரச்சுத் தரேன், நீங்க போடுங்க. என் கையால போட்டா அது திங்காது."